போனாங்க

சுங்கை கெலுபி பாலாய் ராயாவில்
பூப்பந்துக் கோடுகளின்மேல் மேசை போட்டிருந்தார்கள்.
நாடாளுமன்றத் தேர்வுக்குழு. உறுப்பினர் ஏழு பேர்,
வந்தது ஐந்து.
சுவரில் போன தீபாவளியின் காகிதத் தோரணம்.
ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், பெயர்ப்பலகை.
எனக்குப் பலகை இல்லை.
தைப்பிங் நீதிமன்றத்தில் பதினோரு வருஷம்
மொழிபெயர்ப்பாளர் நான். குரல் மட்டும் போதும்.

முதலில் எல்லைவேலி,
வடக்கே கூட்டு ரோந்து, அதன் செலவு.
மூன்று மணி நேரம் ஓடியது.
அவசரகாலக் கோப்புகள் இன்னும் ஏன் பூட்டிக் கிடக்கின்றன
என்பதற்குச் சாப்பாட்டுக்கு முன் நாற்பது நிமிஷம்.

சாட்சி வைரக்கண்ணு த/பெ காத்தமுத்து,
செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர்.
"ரெண்டு மணிக்குள்ள ஆலைக்குப் போகணும்" என்றுதான்
ஆரம்பித்தார். அதையும் பெயர்த்தேன்.

அவர் பெரியப்பா சடையன், பால்வெட்டு.
ஐம்பத்திரண்டில் கேட்டுச் சோதனை,
தூக்குச் சட்டியில் சோறு.
அந்த வருஷம் சோறு கம்பிவேலியைத் தாண்டக் கூடாது.
அமைச்சின் குறிப்பில் எடைகூட இருந்தது,
ஒன்பது அவுன்ஸ்.
"அது ஒரு ஆளுக்கே பத்தாதே" என்றார் வைரக்கண்ணு.
தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் அப்ப பொறக்கல. எங்கப்பா பார்த்தாரு.
ரப்பர் காட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போனாங்க."

தெலா டிபாவா, என்றேன் மலாயில்.
கொண்டுசெல்லப்பட்டார்.
நீதிமன்றத்துக்குப் பிடித்த நடை,
நாக்கு தானே போய் உட்கார்ந்துகொள்ளும்.

"ஓலே சியாப்பா?"
டாக்டர் நோர்லைலா, இடக்கோடி உறுப்பினர்.
யார் கூட்டிட்டுப் போனது என்று திருப்பிக் கேட்டேன்.
வைரக்கண்ணு குழுவைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்.
"அதான் சொன்னேனே."

சொல்லித்தான் இருந்தார்.
வினையின் வாலில், ங்க என்ற இரண்டெழுத்துக்குள்
துப்பாக்கியோடு ஆட்கள் நின்றிருந்தார்கள்.
நான்தான் அவர்களை
வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்திருக்கிறேன்.

கை தூக்கினேன்.
மொழிபெயர்ப்பாளர் கை தூக்கி நானே பார்த்ததில்லை.
திருத்தம் என்றேன்; ஒரு விகுதியைப் பற்றி
ஐந்து உறுப்பினர்களுக்கு விளக்கினேன்.

அமைச்சிலிருந்து வந்த லோகேந்திரன்
கோப்பிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்:
அது பன்மையாகத்தான் இருக்கணும் என்றில்லை,
மரியாதைக்கும் வரும். ஒரே ஆளாகவும் இருக்கலாம்.

இலக்கணப்படி சரி.
அதைத் தமிழில் வைரக்கண்ணுவிடம் சொல்ல வேண்டியவனும் நான்.

"எங்க பெரியப்பாவ கொன்னவனுக்கு
நான் எதுக்குங்க மரியாதை குடுக்கணும்?"

அந்த எதுக்குங்கவின் ங்க
லோகேந்திரனுக்கு.
அதை நான் பெயர்க்கவில்லை.

ஒன்பது அவுன்ஸ் சோறு வெளியே தெரிந்தால்
இன்றைக்கு வட்டாரப் பாதுகாப்பில் எங்கே ஓட்டை விழும்,
எந்த அண்டை நாடு கோபித்துக்கொள்ளும்
என்று நோர்லைலா கேட்டார்.
நல்ல கேள்வி. குறித்துக்கொண்டார்கள்.
பதினான்கு நாளில் எழுத்துமூலம் பதில்.

அவர் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது,
எங்கே புதைத்தார்கள்,
இந்த ரெண்டுதான் வைரக்கண்ணு கேட்டது.
ரெண்டு பத்துக்கு லோரியைக் கிளப்பினார்.
அது நின்ற இடத்தில் உதிர்ந்த பழங்கள் கிடந்தன.
குழுவின் கார்கள் ஏறிப் போய்
தார்மேல் எண்ணெய், கொஞ்சம் ஆரஞ்சாய்.

வரைவுப் பதிவு என் பார்வைக்கு வந்தது.
தெலா டிபாவா அப்படியே இருந்தது.
நான் கை தூக்கிய இடத்தில்
'தெளிவாகக் கேட்கவில்லை' என்றிருந்தது.
ஓரத்தில் பென்சிலால் மெரேகா என்று எழுதினேன்.
அவர்கள்.
எழுதிவிட்டு, பென்சில் போதாதென்று
அதன்மேலேயே பேனாவால் எழுதினேன்.

பதினான்கு நாள் முடிந்து ஐந்து மாதம்.

நேற்று தைப்பிங்கில் ஒரு திருட்டு வழக்கு.
சாவடியில் நின்ற பெண்
"எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றாள்.
வாயைத் திறந்தவன் நிறுத்திக்கொண்டேன்.
எத்தனை பேரும்மா என்று கேட்க
எனக்கு அதிகாரம் இல்லை.
நீதிபதி பேனாவோடு காத்திருந்தார்.